பட்டமரத்துச் சிவப்புத் தட்டுக்காளான்: அடையாளம் காணும் முறை

பட்டுப்போன மரங்களின் அடிக்கட்டையிலும் வெட்டிப் போட்ட கிளைகளிலும் செம்மஞ்சள் அல்லது குருதிச் சிவப்பு நிறத்தில் தட்டுத் தட்டாக வளரும் காளான் ஒன்று உண்டு. இதன் அறிவியல் பெயர் பிக்னோபோரஸ் சங்குனியஸ். இது பசிடியோமைசீட்ஸ் வகையைச் சேர்ந்த பூஞ்சை. குடைபோல் தரையில் நிற்காமல், மரத்தின் பக்கவாட்டில் காம்பின்றி நீட்டிக்கொண்டிருக்கும் காளான்களைத் 'தட்டுக்காளான்' என்று இக்கட்டுரையில் அழைக்கிறோம். ஆங்கிலத்தில் இவற்றைப் பிராக்கெட் பூஞ்சை என்பார்கள். சிலர் இதை 'அடைப்புக்குறிப் பூஞ்சை' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். கணக்குப் பாடத்து அடைப்புக்குறிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுவரில் அலமாரிப் பலகையைத் தாங்க அடிக்கும் இரும்புத் தாங்கிக்கும் பிராக்கெட் என்றுதான் பெயர். அந்தத் தோற்றத்தால் வந்த பெயர் இது.

வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் பரவலாக உள்ள இந்தக் காளானைச் சென்னைப் புறநகர்களிலும் எளிதாகப் பார்க்கலாம். நிறம் கண்ணைப் பறிப்பதால், காளான்களைப் பற்றி எதுவும் தெரியாதவர்கூட இதைக் கவனித்துவிடுவார். கவனித்தபின் அது என்னவென்று தவறாக முடிவுசெய்வதால்தான் தொல்லை வருகிறது.

கொரட்டூரில் ஓர் அடிக்கட்டை

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நகரிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கொரட்டூரில் எங்கள் தெருவிலிருந்த மயில்கொன்றையும் அதில் ஒன்று. மரத்தை அறுத்து எடுத்துச் சென்றவர்கள் அடிக்கட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் அந்தக் கட்டையின் வெயில்படும் பக்கத்தில் பத்துப் பதினைந்து சிவப்புத் தட்டுகள் முளைத்தன.

அந்தக் கட்டைக்கு நாலடி தள்ளி, எதிர்வீட்டு மதிலுக்குள் நன்கு வளர்ந்த வேப்பமரம் நின்றது. அதே மழையில் அதன் கிளை நுனிகள் பழுப்பாகிக் காயத் தொடங்கின. வீட்டுக்காரர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். "டீச்சர், அந்தச் செவப்புக் காளான் வேர் வழியா எங்க வேம்புக்கு ஏறிடுச்சு. மரம் வெட்டறவங்களுக்குச் சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை வர்றாங்க" என்றார். கையில் இருந்தது நான்கு நாள். பள்ளியில் அறிவியல் நடத்திய காலத்தில் காளான் என்றால் சிப்பிக்காளானையும் ரொட்டிப் பூஞ்சையையும் தாண்டி நான் போனதில்லை. தெருக்கோடிக் கட்டையில் இருப்பது என்ன இனம் என்று கண்டுபிடித்தே ஆகவேண்டிய நிலை அப்போதுதான் வந்தது. கீழே வரும் முறை அந்த நான்கு நாளில் தொடங்கி, பிறகு பல மழைக்காலங்களில் திருத்திக்கொண்டது.

பெயரின் வரலாறு

ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1763இல் இதற்குப் பொலீட்டஸ் சங்குனியஸ் என்று பெயரிட்டார். கீழ்ப்புறத்தில் துளைகள் உள்ள காளான்களை எல்லாம் அக்காலத்தில் பொலீட்டஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டுவிடுவது வழக்கம். சங்குனியஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குக் குருதி நிறமுடையது என்று பொருள். அமெரிக்கப் பூஞ்சையியலாளர் வில்லியம் மர்ரில் 1904இல் இதைப் பிக்னோபோரஸ் பேரினத்துக்கு மாற்றினார். நெருக்கமான துளைகளை உடையது என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். அடையாளத்தின் பாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அண்மைக்கால மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு சிலர் இதை டிரமீட்டஸ் என்ற பேரினத்தில் சேர்த்து டிரமீட்டஸ் சங்குனியா என்றும் எழுதுகிறார்கள். இணையத்தில் இரண்டு பெயரும் கிடைக்கும், குழம்ப வேண்டாம்.

இந்தியத் தட்டுக்காளான்களைப் பற்றிய ஆய்வு பழையது. கல்கத்தாவில் சகாய் ராம் போஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வங்காளத்துத் துளைக்காளான்களை விரிவாக எழுதினார். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி. கே. பக்ஷி, மரங்களிலும் வெட்டுமரத்திலும் வளரும் இந்தியத் துளைக்காளான்கள் பற்றி எழுதிய நூல் 1971இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலுள்ள தாவரவியல் உயராய்வு மையமும் சி. வி. சுப்பிரமணியன் காலத்திலிருந்து பூஞ்சை ஆய்வுக்குப் பெயர் பெற்றது.

முதலில் மரத்தைப் பாருங்கள்

காளானைப் பார்த்ததும் காளானையே உற்றுப் பார்ப்பது இயல்பு. ஆனால் அது எதன்மேல் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. உயிருள்ள மரமா, பட்ட மரமா? உயிருள்ள மரம் என்றால் காளான் நிற்கும் இடம் காய்ந்த கிளையா, அடித்தண்டா, வேரா?

வெளிநாட்டுக் கையேடுகள் இந்த இடத்தில் 'ஹார்டுவுட்' மரமா, ஊசியிலை மரமா என்று கேட்கும். ஹார்டுவுட் என்றால் கடினமான மரம் என்று நேரடியாக எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். பூக்கும் தாவரங்களில் இருவித்திலை மரங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். விரலால் அழுத்தினால் அமுங்கும் முருங்கையும் ஹார்டுவுட், கோடரிக்கு மசியாத புளியும் ஹார்டுவுட். சவுக்கு மரத்தின் இலை ஊசிபோல் தெரிந்தாலும் அதுவும் பூக்கும் மரமே. நம் சமவெளியில் ஊசியிலை மரங்கள் அரிது என்பதால், ஐரோப்பாவில் பெரிய தடயமாக இருக்கும் இந்தக் கேள்வி கொரட்டூரில் அதிகம் உதவாது. தென்னையும் பனையும் ஒருவித்திலைத் தாவரங்கள். அவை இரண்டிலும் சேராது. அவற்றுக்குத் தனிக் கதை உண்டு, பின்னால் வருகிறது.

சிவப்புத் தட்டுக்காளான் பட்ட மரத்தில் வாழ்வது. வெட்டுப்பட்டு, வெயிலில் கிடந்து காயும் கட்டைகளுக்கு இது சீக்கிரமே வந்துவிடும். பெரும்பாலான காளான்கள் நிழலையும் ஈரத்தையும் நாட, இது வெட்டவெளியிலும் சூட்டிலும் தாக்குப்பிடிக்கிறது. உயிருள்ள மரத்தில் இது தென்பட்டால், அது நிற்கும் கிளையோ பட்டையோ ஏற்கெனவே காய்ந்ததாக இருக்கும்.

மேல்புறமும் கீழ்ப்புறமும்

ஒரு தட்டின் அகலம் பொதுவாக 2 முதல் 8 செ.மீ. வரை. தடிமன் சில மில்லிமீட்டர்தான். விளிம்பு தாள்போல் மெலிந்திருக்கும். அரைவட்டமாகவோ சிறுநீரக வடிவிலோ இருக்கும். மேல்புறம் ஏறக்குறைய வழவழப்பு. புதிதாக இருக்கையில் தோல்போல் வளையும், காய்ந்தபின் அட்டைபோல் விறைத்துவிடும். கையால் பிய்த்தால் எளிதில் வராது.

இதன் நிறம் நிலையானதல்ல. மழைக்குப் பின் முளைத்த தட்டு பளிச்சென்ற செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். சில மாத வெயிலில் மேல்புறம் வெளுத்து, பழைய செங்கல் நிறமாகி, சாம்பல்போலவும் ஆகிவிடும். மார்ச் மாதத்தில் பார்ப்பவர் இது வேறு காளான் என்றே நினைப்பார். அப்போது தட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கீழ்ப்புறத்துச் சிவப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. குறுக்கே ஒரு வெட்டு வெட்டினால் உள்ளே இருக்கும் சதையும் செம்மஞ்சளாகவே இருக்கும். மேலும் கீழும் உள்ளும் ஒரே வண்ணக் குடும்பம் என்பது இந்த இனத்தின் முக்கிய அடையாளம்.

கீழ்ப்புறம் வெறுங்கண்ணுக்கு வெல்வெட்போலத் தெரியும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் அது முழுக்கத் துளைகள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 5 அல்லது 6 துளை இருக்கும். எண்ணுவதற்கு எளிய வழி: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை அதன்மேல் வைத்துக் கைபேசியில் நெருக்கமாகப் படம் எடுங்கள், படத்தைப் பெரிதாக்கி இரண்டு மில்லிமீட்டர் கோடுகளுக்கு நடுவே எண்ணுங்கள். மூன்று இடத்தில் எண்ணிச் சராசரி எடுப்பது நல்லது.

இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், குளிர்நாடுகளில் பிக்னோபோரஸ் சின்னபாரினஸ் என்ற நெருங்கிய உறவினர் உண்டு. நிறம் ஒன்றே. ஆனால் அதன் தட்டு தடித்தது, துளைகளும் பெரியவை; மில்லிமீட்டருக்கு மூன்று நான்குதான். இணையப் படத்தோடு மட்டும் ஒப்பிடுபவர்கள் அடிக்கடி அந்தப் பெயரை எழுதிவிடுகிறார்கள். பிக்னோபோரஸ் காக்ஸினியஸ் என்று இன்னொன்றும் கிழக்காசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சொல்லப்படுகிறது. அதையும் இதையும் கண்ணால் பிரிப்பது கடினம், மரபணுச் சோதனைதான் வழி. தெருவில் நிற்கும் நமக்குப் பேரினம் வரை உறுதியாகத் தெரிந்தால் போதும்.

குழப்பக்கூடிய பிற காளான்கள்

சென்னையில் பட்ட மரத்தில் மிக எளிதாகக் கிடைப்பது பிளவுச்செதில் காளான், அதாவது சைசோஃபில்லம் கம்யூன். விறகுக் குவியலில் வெள்ளைச் சாம்பல் நிறத்தில், மேலே மயிர் மூடி, சிறு விசிறிபோல் கூட்டமாக இருக்கும். கீழே துளை கிடையாது. மடிப்பு மடிப்பான செதில்கள் இருக்கும், ஒவ்வொரு செதிலும் நடுவே பிளந்திருக்கும். வெளுத்துப்போன சிவப்புத் தட்டை இதனுடன் குழப்ப வாய்ப்புண்டு. திருப்பிப் பார்த்த உடனே குழப்பம் தீரும்.

எர்லியெல்லா ஸ்கேப்ரோசா என்பது சற்று ஏமாற்றும். இதுவும் பட்ட மரத்தில் வளர்வது. மேல்புறம் செம்பழுப்பு, ஆனால் விளிம்பு வெள்ளை, கீழ்ப்புறமும் வெள்ளை அல்லது பாலாடை நிறம். துளைகள் ஒழுங்கற்றவை. பாதித் தட்டு கட்டையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். ஹெக்ஸகோனியா இனங்களில் கீழ்ப்புறத் துளைகள் தேன்கூட்டு அறைபோல் அறுகோணமாக வெறுங்கண்ணுக்கே தெரியும். ஃபெல்லினஸ் வகையினவை கட்டை போன்றே கடினம், துருப் பழுப்பு. மரக்காது எனப்படும் ஆரிக்குலேரியா ஈரத்தில் ஜவ்வுபோல் தொளதொளவென்று இருக்கும்.

கைபேசிச் செயலிகள் பலமுறை நம் ஊர்த் தட்டுக்காளான்களுக்கு 'வான்கோழி வால்' என்று பெயர் சொல்கின்றன. அது டிரமீட்டஸ் வெர்சிகலர். பெரும்பாலும் குளிர்ந்த காட்டுப் பகுதிக் காளான். செயலியின் விடையை ஒரு மாணவனின் முதல் விடையாக எடுத்துக்கொண்டு, துளையை எண்ணிச் சரிபார்ப்பதே என் வழக்கம்.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது கானோடெர்மா. மேல்புறம் வார்னிஷ் அடித்ததுபோல் மினுமினுக்கும் செம்பழுப்பு, வளரும் விளிம்பு வெள்ளை அல்லது மஞ்சள். தட்டு தடிமனாக, சில நேரம் குட்டையான காம்போடு, மரத்தின் அடியிலோ வேரிலோ முளைக்கும். கீழ்ப்புறம் வெள்ளை, நகத்தால் கீறினால் கீறல் பழுப்பாகிவிடும். முதிர்ந்தபின் கொக்கோப் பொடி போன்ற பழுப்புத் தூள் சுற்றிலும், அதன் தலையிலேயேகூடப் படிந்திருக்கும். அந்தத் தூள் அதன் வித்துகள். 'சிவப்பாக ஒரு தட்டு' என்று வாய்மொழியாகச் சொன்னால் இரண்டுக்கும் பொருந்தும். விளைவு மட்டும் நேர்மாறு. சிவப்புத் தட்டுக்காளான் செத்த மரத்தைத் தின்பது. கானோடெர்மாவோ உயிருள்ள மரத்தின் வேரையும் அடித்தண்டின் உட்பகுதியையும் அழுகச் செய்யக்கூடியது. மேலே இலை பசுமையாக இருக்கும்போதே மரம் சாய்ந்துவிடும்.

தென்னைக்காரர்களுக்கு இது புதிய செய்தியல்ல. 1952இல் தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டதால் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்று பெயர்பெற்றது கானோடெர்மா தாக்குதல்தான். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்து, ஓலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி, கடைசிக் கட்டத்தில்தான் தூரில் காளான் முளைக்கும். காளானைப் பார்த்தபோது மரம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும். ஒரு மரத்து வேரிலிருந்து அடுத்த மரத்து வேருக்கு மண்வழியே பரவுவதால், நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டித் தனிமைப்படுத்துகிறார்கள்.

வித்துப் பதிவு

புதிய தட்டு ஒன்றைக் கீழ்ப்புறம் கீழே இருக்குமாறு தாளில் வைத்து, மேலே டம்ளரைக் கவிழ்த்து ஓர் இரவு விடுங்கள். தாளின் ஒரு பாதி வெள்ளை, மறுபாதி கறுப்பாக இருக்கட்டும். சிவப்புத் தட்டுக்காளானின் வித்து வெள்ளை. கறுப்புத் தாளில்தான் தெரியும். கானோடெர்மா வெள்ளைத் தாளில் பழுப்பாகப் பதியும். காய்ந்த தட்டிலிருந்து வித்து விழாது. எனக்கு முதல் இரண்டு முறை எதுவுமே விழவில்லை. மூன்றாம் முறை மழை நின்ற மறுநாள் காலையில் எடுத்தபோதுதான் மெல்லிய வெண்புகை போன்ற பதிவு கிடைத்தது. நுண்ணோக்கி இருந்தால் வித்துகள் ஏறக்குறைய 5 மைக்ரான் நீளமுள்ள சிறு உருளைகளாகத் தெரியும்.

பள்ளி ஆய்வகத்தில் உள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டால் சிவப்பு மங்கிப் பச்சை கலந்த சாம்பலாகும். ஃபெல்லினஸ் வகை கறுத்துவிடும். அந்தக் கரைசல் தோலை அரிக்கும் என்பதால் ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்க.

கட்டைக்குள் நடப்பது

நாம் பார்க்கும் தட்டு, மாமரத்துக்கு மாங்காய்போல. உண்மையான உடல் கட்டைக்குள் ஓடும் பூஞ்சை இழைப் பின்னல். மரத்தின் செல்சுவரில் செல்லுலோஸை இறுகப் பிடித்திருக்கும் லிக்னின் என்னும் பொருளை உடைக்கத் தெரிந்த உயிர்கள் உலகில் குறைவு. இந்தப் பூஞ்சை லாக்கேஸ் என்ற நொதியைச் சுரந்து அதைச் செய்கிறது. லிக்னின் போனபின் மரம் வெளுத்து நார்நாராக ஆவதால் இதை வெள்ளை அழுகல் என்கிறார்கள். அந்த லாக்கேஸ் சாய மூலக்கூறுகளையும் உடைக்கும் என்பதால், சாயக் கழிவுநீரின் நிறத்தை நீக்க இதைப் பயன்படுத்துவது பற்றி ஆய்வுகள் நடந்துள்ளன. காளானின் சிவப்புக்குக் காரணம் சின்னபாரின் முதலிய நிறமிகள். அவற்றுக்குச் சில பாக்டீரியாக்களைத் தடுக்கும் தன்மை இருப்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டுள்ளது.

எங்கள் தெருக் கட்டையில் முதல் ஆண்டு கத்தி முனை உள்ளே இறங்கவில்லை. மூன்றாம் மழைக்காலத்தில் விரலால் நார் உரிந்து வந்தது. அதற்குள் சிவப்புத் தட்டுகள் குறைந்து, வேறு காளான்களும் கரையானும் இடத்தை எடுத்துக்கொண்டன.

உண்ணலாமா, மருந்தா?

உண்ணத்தக்கதல்ல. தோல்போல் கடினமானது, மெல்ல முடியாது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் வாய்ப்புண்ணுக்கு இவ்வகைச் சிவப்புக் காளானைப் பயன்படுத்தினர் என்ற குறிப்பு உண்டு. அதைப் படித்துவிட்டு வீட்டில் கஷாயம் போடுவது சரியல்ல. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே ஓர் அம்மா, கடையில் டப்பாவில் விற்கும் 'ரெய்ஷி' இதுதான் என்று நினைத்து மூன்று தட்டுகளைப் பறித்துக் காயவைத்திருந்தார். ரெய்ஷி என்பது கானோடெர்மா வகை. அதிலும் கிழக்காசியாவில் வளர்ப்பது தனி இனம். நம் தெரு மரத்துக் கானோடெர்மாவையும் அதையும் ஒன்றென்று கொள்ள முடியாது. முறத்தில் இருந்த தட்டைத் திருப்பி, "ரெய்ஷிக்கு அடிப்பக்கம் வெள்ளையா இருக்கணும்மா, இது பாருங்க, எல்லாப் பக்கமும் சிவப்பு" என்று காட்டியதும் அவர் எடுத்துக் குப்பையில் போட்டார்.

வேம்பும் தூங்குமூஞ்சியும்

வேப்பமரத்துக்கு வருவோம். தட்டின் தடிமன், துளை எண்ணிக்கை, உள்சதை நிறம் மூன்றும் பிக்னோபோரஸுக்கே பொருந்தின. வேம்பின் அடியில் எங்கும் காளான் இல்லை, பட்டை இறுக்கமாக இருந்தது, காய்ச்சல் கிளை நுனியில் மட்டுமே. வேரழுகல் என்றால் மரம் முழுவதுமே மெலிந்து காட்டும். வேம்பில் மழைக்காலத்தையொட்டி வரும் நுனிக்கருகல் தனி நோய். ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்ற வேறொரு பூஞ்சையால் வருவது. காளானும் கருகலும் ஒரே நேரத்தில் வந்ததற்கு இரண்டும் மழையை ஒட்டி வருபவை என்பதே காரணம். வீட்டுக்காரரிடம் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் காய்ந்த நுனிகளை மட்டும் கழித்துவிட்டு, மரத்தைச் சித்திரை வரை விட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டார். பங்குனியில் கொழுந்து விட்டது. அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த நான்கு நாளில் தெரு முழுக்க மர அடிகளைப் பார்த்துக்கொண்டே போனதில் இன்னொன்று தெரிந்தது. மறுகோடியில் தூங்குமூஞ்சி மரத்தின் அடியில், டீக்கடை பெஞ்சுக்குப் பின்னால், மினுமினுக்கும் தடித்த தட்டுகள் இரண்டு. கீழே வெள்ளை, கீறினால் பழுப்பு, பெஞ்சின் பின்பலகையில் கொக்கோத் தூள். கடைக்காரர் அதை டீத்தூள் என்று நினைத்துத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம். பாரம் மிகுந்த கிளைகளை இறக்கினார்கள், மரம் நின்றது. கடைக்காரர் பெஞ்சை எதிர்ச் சுவரோரம் மாற்றிக்கொண்டார். இரண்டு மழைக்காலம் கழித்து ஓரிரவு காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது. காலையில் பார்த்தபோது வேர்கள் பஞ்சுபோல் வெளுத்து, ஒரு முழத்துக்கு மேல் எதுவும் மண்ணுக்குள் இருக்கவில்லை. பெஞ்சு பழைய இடத்தில் இருந்திருந்தால் தண்டு அதன்மேல்தான் விழுந்திருக்கும்.

பதிவு செய்யும்போது

மாணவர்கள் தம் ஊரில் இதைக் கண்டால் நான்கு படங்கள் எடுக்க வேண்டும்: காளான் நிற்கும் மரம் முழுவதும், மேல்புறம், கீழ்ப்புறம் அளவுகோலுடன், குறுக்கு வெட்டு. பெரும்பாலானவர்கள் மேல்புறத்தை மட்டும் எடுத்து அனுப்புகிறார்கள். அதை வைத்து எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மரத்தின் பெயர் தெரியாவிட்டால் பட்டையையும் அருகிலுள்ள இலையையும் படம் எடுத்துக்கொள்ளலாம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளத்தில் இடத்தோடும் தேதியோடும் பதிந்தால், பிறர் பார்த்துத் திருத்தவும் முடியும்.

மாதிரி எடுப்பதானால் ஒரு தட்டு போதும். நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, காகித உறையில் போட்டு, உறையின்மேல் தேதி, ஊர், மரத்தின் பெயர், கட்டை வெயிலில் இருந்ததா நிழலில் இருந்ததா என்பதை எழுதி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து வேறு பூசணம் பிடித்துவிடும். வெளிச்சம் படாமல் வைத்தால் நிறம் ஆண்டுக்கணக்கில் மங்காது. 2017இல் மயில்கொன்றைக் கட்டையிலிருந்து எடுத்த தட்டு என் மேசை இழுப்பறையில் இன்றும் சிவப்பாகவே இருக்கிறது.